வெளுத்த கடல், கறுத்த முகங்கள்

புக்கிட் பெலண்டோக் என்றால் சருகுமான் குன்று. பெயரில் காடு இருந்தாலும் அங்குள்ள தோட்டத் தமிழர்களின் கதை கடலில்தான் தொடங்குகிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, நெகிரி செம்பிலான் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் காட்டுவது பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான். பின்னால் வெறுமையாக வெளுத்த வானும் நீரும். முன்னால் மூக்கு முழி தெரியாத கரிய உருவங்கள். “இப்படித்தான் வந்தார்கள்” என்று அடியில் எழுதிவிடுகிறோம். அந்த வெளுப்பையும் கறுப்பையும் சாட்சியாக ஏற்கக் கூடாது என்பதே என் வாதம். அவற்றில் பாதி, படம் பிடித்த தகட்டின் கைவேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் நீல வானமும், அதைப் பிரதிபலிக்கும் நீரும் அச்சில் வெள்ளையாகிவிடும். குங்குமச் சிவப்புச் சேலை கறுப்பாகும். மாநிறத் தோல் அதன் உண்மை நிறத்தைவிடப் பல படிகள் கறுத்துப்போகும். 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சையைக் காணக் கற்றுக்கொடுத்தார். சிவப்பையும் காணும் தகடுகள் 1906இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. ஆனால் சாதாரண மக்கள் வாங்கிய ரோல் பிலிமுக்கு அந்தப் பார்வை உடனே வந்துவிடவில்லை. 1931இல் வந்த கோடக் வெரிகுரோமுக்கும் சிவப்பு தெரியாது. அதன் இடத்தில் வெரிகுரோம் பான் வந்ததே 1956இல்தான். மறு ஆண்டு மெர்டேக்கா, மலாயாவின் விடுதலை! இந்தியா தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோ 1938இல். கங்காணிகள் ஆள் கூட்டிவந்த காலத்துக் கடல் பெரும்பாலும் சிவப்புக் குருடான தகட்டில்தான் பதிந்தது. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் 1970கள் வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் 1930களிலும் 1960களிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால், பயணிகளின் நிறமே மாறிவிட்டதுபோலத் தோன்றும். மாறியது பிலிம்.

ரசாயனத்துக்கு ஏது சாதியும் இனமும், இதில் யாரைக் குறை சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தகட்டின் குறையை அக்காலத்திலேயே சிலர் தாண்டியிருக்கிறார்கள். 1856, 57 ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். கடலைக் காட்ட வேண்டும் என்று நினைத்தவருக்கு வழி இருந்தது. ஆனால் 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற ஒளிப்பட நிலையங்களிடம் காட்சிப் படங்களை வாங்கியவர்கள் துரைமார்களும் அதிகாரிகளும் பயணிகளும். துறைமுக மேடையில் வெள்ளை உடுப்புத் துரையும் கூலியும் ஒரே சட்டத்துக்குள் நின்றால், ஒளி காட்டும் நேரத்தை யாருக்காகக் கணக்கிடுவது? கோட்டின் மடிப்பு தெரிய வேண்டுமானால் கூலியின் முகம் கரிந்துபோகும். முகம் தெரிய வேண்டுமானால் கோட்டு வெளுத்துவிடும். அது ரசாயனம் எடுத்த முடிவல்ல.

அப்படியானால் இந்தப் படங்களைத் தூக்கி எறிந்துவிடுவதா? கூடாது. நிறத்தில் பொய் சொல்லும் தகடு வடிவத்தில் பொய் சொல்வதில்லை. மூட்டை கட்டிய விதம், தகரப் பெட்டி, இடுப்பில் குழந்தை, ஆண்களுக்கு நடுவே எத்தனை பெண்கள் என்பதையெல்லாம் நம்பி எண்ணலாம். முகங்களுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும். 1956க்குப் பிறகு போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதில் அலையும் முகமும் ஏறக்குறைய அதனதன் சாயலில் இருக்கும். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்தில் பெயர்களையும் ஆண்டையும் தோட்டத்தையும் எழுதி வையுங்கள்.