வளவு மரம்: எப்போது தறிப்பது, எப்போது விட்டுவைப்பது?

கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்கு மரத்தைப் பற்றி இரண்டு நினைவுகள் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள், தென்னைகள் வரிசையாகச் சரிந்து கூரைகளை நொறுக்கியதைச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000இற்கும் அதிகமானோரை இழந்தது. அன்று தென்னையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பியவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

ஆகவே மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்து "வெட்டுவோமா, விடுவோமா" என்று குடும்பம் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சில் பயமும் பாசமும் கலந்தே வரும். ஆனால் இரண்டுமே அந்த மரத்தின் உண்மையான நிலையைச் சொல்லாது. அதை மரத்தின் அடியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய காலம்

எங்கள் பகுதியில் பெருமழையும் புயலும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. மழை தொடங்கிய பின் மரத்தைப் பற்றி யோசிப்பது பிந்திய யோசனை. மண் ஊறியிருக்கும், ஆள் ஏறுவது ஆபத்து, அனுமதிக்கும் நேரம் இருக்காது. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில், ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில், ஒரு தடவை வளவைச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. புயல் போன மறுநாள் பயத்தில் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டிவிடும் பழக்கமும் இதனால் குறையும்.

தறிக்க வேண்டிய அறிகுறிகள்

முதலாவது, புதிய சாய்வு. பல வருடமாகச் சாய்ந்து நின்று, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்த தென்னை தன் சாய்வுக்குப் பழகிய மரம். அண்மையில் சாயத் தொடங்கியிருந்தால், அதுவும் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால், வேர் பிடி விட்டுவிட்டது. அந்த மரத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, அடிமரத்தின் உக்கல். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் பூத்திருப்பதும், மரச்சுத்தியலால் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்பதும் உள்ளே கோறை என்பதைக் காட்டும். கோறை விழுந்த மரமெல்லாம் உடனே விழாது. சுற்றிலும் எஞ்சியுள்ள நல்ல மரத்தின் தடிப்பு, தண்டின் ஆரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் ஆபத்து என்பது மர ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொதுவான அளவு.

மூன்றாவது, வெட்டுப்பட்ட வேர். மதிலுக்கும் மலசலகூடக் குழிக்கும் அத்திவாரம் வெட்டும்போது ஒரு பக்க வேர்கள் முழுவதும் போய்விடுகின்றன. மேலே பச்சையாக நிற்கும் மரம் அடுத்த மாரியில் மறுபக்கம் விழும். வெள்ளத்துக்குப் பயந்து வளவை மண் போட்டு உயர்த்தும்போது அடிமரத்தைச் சுற்றி மண் குவிப்பதும் அப்படித்தான். வேர் மூச்சடைத்து மெதுவாகச் சாகும்.

நான்காவது, தென்னைக்கு மட்டும் உரியது. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். செவ்வண்டு குடைந்தோ அழுகியோ குருத்து செத்துவிட்டால் அந்த மரம் திரும்பத் துளிர்க்காது. அதை வைத்திருந்தால் வண்டு அடுத்த மரத்துக்குப் போகும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: விழுந்தால் எங்கே விழும்? பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேல் நிற்கும் அரைக்கோறை மரமும், வெறும் வேலி ஓரத்தில் நிற்கும் அதே மரமும் ஒன்றல்ல.

தறிக்காமல் தீர்க்கக்கூடியவை

இலைக் குப்பை, பீலியில் அடைப்பு, கூரையில் உரசும் கிளை ஆகியவை மரத்தைக் கொல்லப் போதுமான காரணங்கள் அல்ல. காய்ந்த கிளைகளையும் கூரைப் பக்கக் கிளைகளையும் மட்டும் கழித்தால் போதும். ஒரு தடவையில் கால்வாசிக்கு மேல் கழிக்கக் கூடாது. மா, வேம்பு, வாகை போன்றவற்றின் தலையை மொட்டையாக வெட்டுவது தவறு. வெட்டிய இடத்தில் கூட்டமாக வரும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்புக் குறைவு, அடுத்த காற்றில் அவையே முறியும். தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் மாரிக்கு முன் இறக்கினால் பெரும்பாலான பயம் தீரும்.

எங்கள் ஊர்களில் மரம் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கமாக இருப்பதால், உம்மாவின் வளவு இரண்டாக, மூன்றாகப் பிரிகிறது. சில பேர்ச்சஸ் நிலத்தில் வீடு, கிணறு, மலசலகூடம் எல்லாம் வர வேண்டும். இங்கே மரத்தை எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் வரைபடம் போடும்போதே மரங்களையும் குறிக்கச் சொன்னால், சில அடி தள்ளி அத்திவாரம் போட்டு ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியும். கடற்கரை மணலில் நிழல் தரும் மரம் ஒன்று வளர எத்தனை வருடம் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அனுமதி யாரிடம்?

சொந்த வளவு என்றாலும் எல்லா மரத்தையும் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தென்னை, தேக்கு போன்றவற்றுக்கும் முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தறித்த மரத்தை வீதியால் ஏற்றிச் செல்ல, மரத்தின் வகைக்கேற்பத் தனி அனுமதியும் தேவைப்படலாம். வீதியோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் உங்களுடையதல்ல. மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில் கை வைக்கும் முன் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

மரம் ஒரு சாட்சியும்தான்

இடம்பெயர்ந்து திரும்பியவர்களும், சுனாமியில் உறுதியையும் எல்லைக் கல்லையும் இழந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கும்போது, நில அளவையாளர் காணியிலுள்ள மரங்களையும் அவற்றின் வயதையும் யார் உரிமை கோருகிறார் என்பதையும் அறிக்கையில் எழுதுகிறார். உம்மம்மா நட்ட மாமரம் அந்தக் குடும்பம் எத்தனை காலம் அங்கே இருந்தது என்பதைச் சொல்லும். எல்லைப் பூவரசும் பனையும் வேலி இல்லாத இடத்தில் வேலி.

ஆகவே எல்லை மரத்தையோ பழைய மரத்தையோ எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அடிச் சுற்றளவையும் வீடு, கிணறு போன்ற நிலையான இடங்களிலிருந்து தூரத்தையும் அளந்து எழுதுங்கள். பக்கத்து வளவுக்காரரும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. காணி வழக்கில் இருந்தால் அல்லது கூட்டு உறுதியில் இருந்தால், சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு மரத்தையும் தொடாதீர்கள்.

பக்கத்து வளவு மரம்

ஆபத்தான மரம் அடுத்தவருடையது என்றால், முதலில் நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தர், உள்ளூராட்சி சபை, மத்தியஸ்த சபை என்று போகலாம். விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றும்படி நீதவான் நீதிமன்றம் கட்டளையிடுவதற்கு, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது.

வெட்டும் நாளில்

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், கணவரை இழந்த பெண்கள் தனியே நடத்தும் வீடுகளுக்கும் மர வியாபாரி வந்து, "ஆபத்தான மரம், சும்மா வெட்டித் தாறன், மரத்தை நான் எடுக்கிறன்" என்று சொல்வதுண்டு. உடனே சம்மதிக்க வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். பலா, தேக்கு, வேம்புப் பலகைக்கு நல்ல பெறுமதி உண்டு. கூரையோ மதிலோ உடைந்தால் யார் பொறுப்பு, குற்றியைத் தோண்டுவது யார் என்பதை முதலே எழுதிக்கொள்ளுங்கள்.

சண்டை நடந்த இடங்களில் நின்ற பழைய மரத்துக்குள் சன்னமோ இரும்புத் துண்டோ புதைந்திருக்கலாம். இயந்திர வாள் அதில் பட்டால் பிடிப்பவருக்கே ஆபத்து, ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குற்றியைத் தோண்டும்போது சந்தேகமான பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி 119இற்கு அறிவியுங்கள்.

எடுத்த இடத்திலேயே உடனே நடத் தேவையில்லை. வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் எட்ட, மழை தொடங்கும்போது ஒரு கன்றை வைக்கலாம். மரம் நடுவதை ஸதகாவாக நினைக்கும் ஊர்களில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே நடுவது என்பதை மட்டும் இந்தத் தடவை யோசித்து நட்டால், அந்த மரத்துக்குக் கீழே பேரப்பிள்ளைகள் இதே கேள்வியோடு நிற்க மாட்டார்கள்.