எச்சில் - இழிவா? பயனா? ஒரு வரலாறு

எச்சில் என்றாலே முகம் சுளிப்பவர்கள் தான் அதிகம். எச்சில் இலை, எச்சில் சோறு, எச்சில் பிழைப்பு... திட்டுவதற்குக் கூட இந்தச் சொல் தான் உதவுகிறது. ஆனால் ஒரு மனிதனின் வாயில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்தத் திரவம் இல்லையென்றால் ஒரு கவளம் சோற்றைக் கூட ஒழுங்காக விழுங்க முடியாது.

மனிதன் எச்சிலின் பயனை விஞ்ஞானம் வருவதற்கு முன்பே கண்டு கொண்டான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் பெண்கள் மக்காச்சோளத்தை மென்று துப்பி, அதிலிருந்து 'சிச்சா' என்ற மதுவைத் தயாரித்தார்கள். ஜப்பானிலும் முற்காலத்தில் அரிசியை மென்று மது செய்யும் வழக்கம் இருந்தது. காரணம் அவர்களுக்குத் தெரியாது, பலன் தெரிந்திருந்தது.

காரணத்தின் முதல் நுனியைப் பிடித்தவர் ஜெர்மானியரான லாய்க்ஸ். மாவுச்சத்தை எச்சில் சர்க்கரையாக மாற்றுகிறது என்று 1831ல் அவர் கண்டறிந்தார். சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிப்பதும் இதனால் தான். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர்.

1840ல் இங்கிலாந்தில் 'பென்னி பிளாக்' என்ற உலகின் முதல் ஒட்டும் தபால்தலை வெளியானது. பின்புறம் பசை தடவியிருக்கும். நாக்கால் நனைத்து ஒட்டினால் போதும்! அதன் பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக உலகத்தின் வியாபாரக் கடிதங்களில் பல எச்சில் பட்டுத் தான் பயணம் செய்திருக்கும். நோட்டு எண்ணும் காசாளரும், ஊசியில் நூல் கோர்க்கும் தையல்காரரும் நம்பியதும் இதைத் தான்.

பிற்காலத்தில் பென்சிலினால் புகழ் பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், 1922ல் லைசோசைம் என்ற பொருளைப் பற்றி எழுதினார். சில பாக்டீரியாக்களின் சுவரை உடைக்கும் இந்தப் பொருள் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிறது. எச்சில் பல்லைத் தாக்கும் அமிலத்தையும் தணிக்கிறது. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று எச்சில் வற்றிப் போனவர்களுக்குப் பற்கள் வேகமாகச் சொத்தையாவது இதற்குச் சாட்சி.

பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பராமரிப்பவர்கள் பஞ்சில் எச்சில் தொட்டு அழுக்கைத் துடைப்பதுண்டு. போர்ச்சுகல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, அழுக்கை நீக்குவதில் அமைலேஸுக்கு முக்கியப் பங்கு இருப்பதாக 1990ல் வெளியிட்டார்கள். 2018ல் இதற்கு 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. சிரிப்பு பரிசில் தான், ஆய்வில் இல்லை.

எச்சில் நோயைப் பரப்பும் என்பதும் உண்மை தான். 2020ல் கொரோனா காலத்தில் பந்தில் எச்சில் தடவ சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தடை விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் எச்சில் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. நோயைப் பரப்பியதே நோயைக் காட்டியும் கொடுத்தது! எனவே பயனுள்ளது என்பதற்காகத் தெருவில் துப்பலாம் என்று அர்த்தமில்லை.

ஆனால் கிருமிக்குப் பயப்படுவது வேறு, மனிதனை இழிவுபடுத்துவது வேறு. பேஷ்வாக்கள் ஆட்சியில் புனே நகரில் தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டிக் கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் அம்பேத்கர் 1936ல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். கலயம் கட்டச் சொன்னவர் வாயிலும், கட்டிக் கொண்டவர் வாயிலும் சுரந்தது அதே அமைலேஸ், அதே லைசோசைம் தான். சாதி பார்த்துச் சுரக்கும் எச்சில் எங்கேயும் கிடையாது.