அரிட்டாபட்டி: மலை காத்த ஊர்

மதுரைக்கு வடகிழக்கே, அழகர்மலைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அரிட்டாபட்டி உள்ளது. ஊரைச் சுற்றி ஏழு பாறைக் குன்றுகள். அவற்றில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடி, சுனைகளில் தேங்கி, மிச்சம் கண்மாய்களுக்குப் போகிறது. 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்பது அரசின் கணக்கு. குன்று போனால் கண்மாய்க்கு நீர்வரத்து இல்லை. கண்மாய் வறண்டால் வயல் இல்லை.

இங்கு மனிதர் தங்கியதற்கான பழைய தடயம் கழிஞ்சமலைக் குகைத்தளம். அதன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் சமணத் துறவியருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தவர்களைக் குறிப்பிடுகின்றன. காலம் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முந்தையது. பின்னர் முற்காலப் பாண்டியர் நாளில் சிவனுக்குக் குடைவரைக் கோயில் எழுந்தது. அங்குள்ள, சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழகத்தில் அரிதானது. மகாவீரர் புடைப்புச் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயிலும் சுனையும் வழிபாட்டில் இருந்ததால் மலையைக் கல்லுக்காக யாரும் உடைக்கவில்லை.

அந்தப் பாதுகாப்பு உயிரினங்களுக்கும் கிடைத்தது. செங்குத்தான பாறை விளிம்புகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் உண்டு. பறவை இனங்கள் மட்டும் சுமார் 250.

கிரானைட் தொழில் மேலூர் வட்டாரத்தில் பரவியபோது பல குன்றுகள் குவாரிகளாயின. அரிட்டாபட்டி மலைக்கும் அது வந்தபோது ஊரார் திரண்டு எதிர்த்தனர். 2011 வாக்கில் அம்முயற்சி நின்றது. அதன்பின் பறவை ஆர்வலர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் ஊராருடன் சேர்ந்து மலையின் பறவைகளையும் சின்னங்களையும் பதிவு செய்யத் தொடங்கினர். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன்படி 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.215 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதுவே முதலாவது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புள்ள அத்தொகுதிக்குள் இத்தலத்தின் நிலமும் அடங்கியிருந்தது. தலத்தின் எல்லைக்கு வெளியே இருந்த வயல்களும் கண்மாய்களும் அதில் வந்ததால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் போராட்டத்தில் இறங்கின. டிசம்பர் 9 அன்று ஏலத்தை எதிர்த்துச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மதுரை நகருக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வனத்துறையின் சரணாலயங்களில் காவல் மேலிருந்து தொடங்கும். அரிட்டாபட்டியில் நீரும் வழிபாடும் மலையை முதலில் காத்தன. சட்டம் பின்னால் வந்தது. பாரம்பரியத் தல அறிவிப்பு உள்ளூர் மக்களின் வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை விதிப்பதில்லை. ஆகவே உழவும் மேய்ச்சலும் கோயில் வழிபாடும் அங்கு தொடர்கின்றன.