கலையும் மின்னணுவும் கைகோத்த கதை

"பையன் நன்றாகப் படம் வரைகிறான்" என்றால், "அதெல்லாம் சரி, முதலில் என்ஜினீயரிங் முடிக்கட்டும்" என்பது நம் வீடுகளில் பழகிப்போன பதில். கலை வேறு, பொறியியல் வேறு என்று நாம் எழுப்பிய இந்தச் சுவரில் விரிசல் விழுந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

1966 அக்டோபரில் நியூயார்க்கில் 'ஒன்பது மாலைகள்' என்ற நிகழ்ச்சி நடந்தது. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க்கும் முன்னின்று, 10 கலைஞர்களையும் சுமார் 30 பொறியாளர்களையும் ஒன்றுசேர்த்தார்கள். ரோஷன்பெர்க்கின் படைப்பில், டென்னிஸ் மட்டையில் பந்து பட்டதும் ஓசை அரங்கமெங்கும் அதிரும்; அடிக்கு ஒரு விளக்காக அணைந்துகொண்டே வரும். கற்பனை கலைஞருடையது, கருவி பொறியாளருடையது. இவர் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது.

அந்நிகழ்ச்சியில் பங்கேற்ற இசைஞர் டேவிட் ட்யூடர், 1969ல் நம் அகமதாபாத்துக்கே வந்தார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலானோர் தாங்களே கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிப் புதுப்புது ஒலிகளை உண்டாக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்துபோயிற்று. அதன் ஒலிநாடாக்கள் 2023ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. கருவி அரிதென்றால் கற்பவரும் அரிதுதானே!

கருவியை எளிதாக்கும் வேலை 2001ல் தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 'புராசசிங்' என்னும் இலவச மென்பொருளைக் கலைஞர்களுக்காகவே உருவாக்கினார்கள். ஒரே வரி எழுதினால் திரையில் வட்டம் வந்துவிடும். இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர் எர்னாண்டோ பாராகான், அதே எளிமையை 2003ல் 'வயரிங்' என்ற மின்சுற்றுப் பலகைக்குக் கொண்டுவந்தார். அதன் வழியில் 2005ல் அங்கேயே பிறந்ததுதான் மலிவான 'அர்டுயினோ'. இன்று அர்டுயினோவை அறிந்தவர் ஏராளம். பாராகானை அறிந்தவர் சொற்பம். அதுதான் வருத்தம்.

இதன் சூட்சுமம் எளிது. ஆள் வருவதை சென்சார் உணரும். பலகையிலுள்ள சில்லு நாம் எழுதிய நிரலின்படி விளக்கையோ மோட்டாரையோ இயக்கும். கொலுப்படி முன் ஒருவர் வந்து நின்றதும் பொம்மை தலையாட்டுவதுபோலச் செய்ய, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வாரப் பயிற்சி போதும். சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிறு வகுப்பு தொடங்கினால், ஓவியப் பிள்ளையும் கணிதப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காருவார்கள். எந்தப் பிள்ளை எது என்று பிறகு நமக்கே தெரியாமல் போகும்.