சுழியம் நகரும் கருவி: கார்பன் மோனாக்சைடு அளவீட்டின் வரலாறு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் அது எவ்வளவு இருந்தது என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு கருவியின் சாட்சியத்தை நம்பியே. சூழலியல் வரலாறு எழுதுவோர் மாசு அட்டவணைகளைக் கல்வெட்டுப் போல எடுத்தாளும் இக்காலத்தில், அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் முறை எவ்வாறு உருவானது என்பதும் நம் அக்கறைக்கு உரியதே.

சுரங்க வெடிப்புகளில் மாண்டோருள் பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, இவ்வளிமமே என்று 1896இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் காட்டினார். சிற்றுயிர்களை எச்சரிக்கைக்குக் கொண்டுசெல்லலாம் என்ற அவரது யோசனையின் வழிவந்த கேனரிப் பறவை, பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை பணியில் இருந்தது. பறவை ஆபத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது.

அளவு சொல்ல முயன்றவற்றுள் ஒன்று ஹாப்கலைட். முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் உருவான இந்த மாங்கனீசு, செம்பு ஆக்சைடுக் கலவை, சாதாரண வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும்; அப்போது எழும் வெப்பமே அளவு. ஆனால் ஈரம் பட்டால் அது செயலிழக்கும். முன்னால் வைத்த உலர்த்தி தீர்ந்துவிட்டால் கருவி நின்றுவிடாது; எண் மட்டும் மெல்லக் குறையும். காற்று தூய்மையடைந்தது போலவே தோன்றும்.

1930களின் இறுதியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் லெஹ்ரரும் லுஃப்ட்டும் வேறு வழி கண்டனர். உணரியின் அறைக்குள் தேடப்படும் அதே வளிமத்தை அடைத்தனர். ஏறத்தாழ 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை மாதிரிக் காற்று எவ்வளவு உட்கொள்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வறை குறைவாகச் சூடேறும். அதிலுள்ள மெல்லிய சவ்வு அசைந்து வேறுபாட்டைக் காட்டும். முள்ளை முள்ளால் எடுக்கும் உத்தி. ஆயினும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அந்த அலைநீளப் பகுதியில் சிறிது கதிரை உட்கொள்கின்றன. மழைக்காலத்தில் உலர்த்தி தளர்ந்தால் இக்கருவி, ஹாப்கலைட்டுக்கு நேர்மாறாக, இல்லாத மாசைக் காட்டும்.

இப்பிழைகளைப் பிடிக்கவே இருமுனை அளவுத்திருத்தம். கார்பன் மோனாக்சைடு அற்ற காற்றைச் செலுத்திச் சுழியத்தையும், செறிவு தெரிந்த வளிமத்தைச் செலுத்தி மேல்முனையையும் சரிசெய்கிறார்கள். அந்தச் சுழியக் காற்றைத் தயாரிக்க இன்று ஹாப்கலைட்டும் பயன்படுகிறது. பழைய சாட்சி நீதிமன்றச் சேவகராகிவிட்டார்! முதலில் கசிவு, பிறகு உலர்த்தி, பிறகு சுழியம், இறுதியில் மேல்முனை என்ற வரிசையும் காரணத்தோடு அமைந்தது. சுழியத்தைப் பாராமல் மேல்முனையைத் திருகினால், சுழியத்தின் பிழை சாய்வுக்குள் புகுந்து எல்லா அளவுகளையும் கெடுக்கும். திருத்த வளிமத்தை உறிஞ்சுகுழாயின் வாயில் செலுத்தாமல் கருவியின் பின்புறத்தில் நேராகச் செலுத்தினாலோ, குழாயில் உள்ள கசிவு ஒருநாளும் வெளிப்படாது.

ஒப்பிடும் உருளையும் நிலையானதன்று. கார்பன் மோனாக்சைடு இரும்போடு சேர்ந்து இரும்புக் கார்பனைல் ஆகும் என்பது 1891இலேயே லுட்விக் மாண்டின் ஆய்வால் தெரிந்திருந்தது. எஃகை விட்டு அலுமினிய உருளைகளுக்கு மாறிய பின்னரும், குறைந்த செறிவுக் கலவைகளில் கார்பன் மோனாக்சைடு ஆண்டுதோறும் சிறிது கூடுவது கண்டறியப்பட்டு, உலக வானிலை அமைப்பின் ஒப்பளவே திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இந்தியத் தரவைப் படிப்போருக்கு இது நுணுக்க விவகாரமன்று. 1971இல் அமெரிக்கா வகுத்த எட்டு மணிநேர வரம்பு 9 பிபிஎம். 1970களில் அந்நாட்டு விதிகள் கருவியின் சுழியம் ஒரு நாளில் 1 பிபிஎம் வரை விலகுவதை ஏற்றன. ஒன்பதில் ஒன்று, பொறுக்கத்தக்கதே. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது சுமார் 1.75 பிபிஎம். அதே விலகல் இங்கே வரம்பில் பாதிக்கும் மேல். ஒரு நகரம் வரம்பை மீறியதா இல்லையா என்பதை உலர்த்தியின் நிறமாற்றமே தீர்மானித்துவிடக்கூடும்.

வாகனப் புகைச் சோதனையில் நிலைமை வேறு. 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு அனுமதித்தது 3 விழுக்காடு, அதாவது 30,000 பிபிஎம். அங்கே சுழியம் ஒரு பிபிஎம் நகர்ந்தால் பொருட்டில்லை. குழாய்க் கசிவும், புகைபோக்கிக்குள் போதிய ஆழம் செல்லாத உறிஞ்சுமுனையுமே வெளிக்காற்றைக் கலந்து வண்டியைத் தேறவைக்கும். அருகே கார்பன் டை ஆக்சைடின் அளவையும் பதிந்திருந்தால் அக்கலப்பு தெரிந்துவிடும்.

நிலையத் தரவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. எந்நாளில், எந்த உருளையைக் கொண்டு, சுழியம் எவ்வளவு நகர்த்தப்பட்டது என்ற பதிவேடு அவற்றோடு வருவதில்லை. பழைய கண்காணிப்பு நிலையங்களின் அத்தகைய பதிவேடுகள் உங்கள் துறையிலோ ஆய்வகத்திலோ எஞ்சியிருந்தால், பழைய தாள்களோடு எடைக்குப் போவதற்கு முன் தெரிவியுங்கள்.