வருமுன் காப்பு

வருமுன் காப்பு: நோய், பேரிடர் முதலியன நேருமுன் செய்துகொள்ளும் தற்காப்பு. மருத்துவத் துறையில் 'நோய்த்தடுப்பு' என்பதே வழக்கு. மேடையிலும் அரசு விளம்பரத்திலும் வருமுன் காப்பு வழங்குகிறது.

பழைய ஆட்சி: வருமுன் காக்கும் கருத்து திருக்குறளில் குற்றங்கடிதல் அதிகாரத்தில் (435) வருகிறது. குற்றம் நேருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வு, நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிடப்படுகிறது. அறிவுடைமை அதிகாரக் குறளில் (429) 'நோய்' என்ற சொல்லே இருப்பினும் பரிமேலழகர் துன்பம் என்றே பொருள் கொண்டார். இரண்டும் பொருட்பாலின் அரசியலில் அமைந்தவை.  உடல்நலத்தில் வருமுன் காப்பைச் சொல்வது குறள் 942: முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டியதில்லை.

பஞ்சதந்திரக் கதையில், வலைஞர் மறுநாள் வருவர் என்றறிந்து முன்னதாகவே குளத்தைவிட்டு நீங்கும் மீனுக்கு 'வருமுன் காப்போன்' என்று பெயர்.

சித்த மருத்துவம்: சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி இத்துறையில் விரிவானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் (மூக்கில் இடும் மருந்து), நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என அது வகுக்கிறது. முதல்நாள் சமைத்த கறி அமுதமே ஆனாலும் உண்ணலாகாது என்றும் விலக்குகிறது. பழைய மீன்குழம்புக்கே சுவை அதிகம் என்னும் கடற்கரை ஊர்களில் இவ்விதி எடுபடவில்லை.

தேவனாம்பட்டினம்: கடலூரை அடுத்த இம்மீனவர் ஊரில் வருமுன் காப்பு என்றால் முதலில் புயற்கூண்டுதான். கடலூர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். வலையும் இயந்திரமும் கரையேறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு எந்தக் கூண்டும் ஏறவில்லை. இந்தியப் பெருங்கடலில் அப்போது அதற்கான எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஐதராபாத்தின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. கூண்டு ஏறும் வகை இடரும் பின்னர் வந்தது: 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரை கடந்தது.

அரசுத் திட்டம்: முதலமைச்சர் மு. கருணாநிதி (கலைஞர்) 1999இல் வருமுன் காப்போம் திட்டத்தைத் தொடங்கினார். 2021 செப்டம்பர் 29 அன்று சேலம் மாவட்டம் வாழப்பாடியில் அது 'கலைஞரின் வருமுன் காப்போம்' எனப் புதுப்பிக்கப்பட்டது. அதன் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியன பரிசோதிக்கப்பட்டன.