நெய்வேலி வட்டாரத்தில் எஞ்சின் பழுதுநீக்கப் பயிற்சி

கடலூர் மாவட்டம் நெய்வேலி நகரியத்திலும் அதைச் சுற்றியுள்ள மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளிலும் மோட்டார் வாகனங்களையும் டீசல் எஞ்சின்களையும் பம்புசெட், பவர் டில்லர், தெளிப்பான் போன்ற சிறு எஞ்சின்களையும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் வழிகளின் வரலாறு இது. பட்டறையில் உஸ்தாதிடம், அதாவது மூத்த மெக்கானிக்கிடம் கற்பது, ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் ஆவது, குறுகிய காலப் படிப்புகள், சமுதாயக் கல்லூரி என்று அந்த வழிகள் பலவாகக் கிளைத்தன. வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. தெரிந்த வேலைக்குச் சான்றிதழ் யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் இந்த வழிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

சுரங்கமும் அப்ரண்டிஸும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரிதான் நெய்வேலியின் தொடக்கம். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்டும் ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரங்கள் மின்சாரத்தில் இயங்குபவை. ஆனால் அவற்றுக்குத் தரை சமன்செய்யும் புல்டோசர்கள், கிரேன்கள், ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள், லாரிகள், ஜீப்புகள் எல்லாம் எண்ணெயில் ஓடுபவை. முந்திரியும் மணிலாக்கொட்டையும் விளைந்த ஒரு வட்டாரம் சில ஆண்டுகளிலேயே டீசல் மெக்கானிக்கைத் தேடும் இடமாயிற்று.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு நாட்டளவில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் வந்தது. தொழிற்பயிற்சிக்கான தேசியக் குழு 1956இல் அமைந்தது. அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் நிறைவேறியது. ஐ.டி.ஐ.யில் 'எம்.எம்.வி.' எனப்படும் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. படித்து வெளியே வருபவர் ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் பெறுவார். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த 'ஒரு நிறுவனம்' என்பது பெரும்பாலும் என்.எல்.சி.தான். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் ஆகியோரோடு மோட்டார் வாகனம், டீசல், டிராக்டர் ஆகிய மூன்று மெக்கானிக் பிரிவுகளிலும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்துவந்திருக்கிறது.

பயிற்சி தந்தவர் வேலையும் தர வேண்டும் என்று அப்ரண்டிஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பயிற்சி முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டுப் போராடுவது நெய்வேலியில் பல தலைமுறையாகத் தொடர்கிறது. வீட்டையும் வயலையும் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்தில் அப்ரண்டிஸ் சான்றிதழுக்கு இருக்கும் எடை வேறு. வேறு ஊர்க்காரருக்கு அது ஒரு தகுதிச் சான்று. இங்கே அது நிலத்துக்கு ஈடாக ஏதாவது வருமா என்ற எதிர்பார்ப்பு. இதை மனத்தில் கொள்ளாமல் நெய்வேலியின் தொழிற்பயிற்சியைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

பட்டறை

ஐ.டி.ஐ.யின் மோட்டார், டீசல் மெக்கானிக் பிரிவுகளில் சேரப் பத்தாம் வகுப்பு தேற வேண்டும். தேறாதவர்கள் நேரே பட்டறைக்குப் போனார்கள். முதல் ஆண்டு எடுபிடி வேலை: டீ வாங்குவது, மண்ணெண்ணெய்த் தட்டில் நட்டு போல்ட்டைக் கழுவுவது, கேட்ட அளவுப் பானாவை (ஸ்பேனரை) எடுத்துக் கையில் கொடுப்பது. பார்வைக்கு ஏவல் வேலை என்று தோன்றும் இதற்குள் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. கழுவும்போது எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று கைக்குப் பழகிவிடுகிறது. எடுத்துக்கொடுக்கும்போது 10-11 பானாவும் 12-13 பானாவும் பார்த்த மாத்திரத்தில் பிடிபடுகின்றன. அதன் பிறகு பிளக் துடைப்பது, கார்புரேட்டர் ஜெட் ஊதுவது, பாயின்ட் வைப்பது. எஞ்சினை இறக்கி ரீபோர் செய்து ரிங் மாற்றும் நிலைக்கு வர மூன்று, நான்கு ஆண்டு ஆகும். சத்தத்தை வைத்தே டேப்பட் தட்டுகிறதா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடும் காது எழுத்துப் பாடத்தில் வாய்ப்பதில்லை.

பட்டறை தராதது இரண்டு. ஒன்று சான்றிதழ். மற்றொன்று காரணம். ரிங் தேய்ந்தால் புகை வரும் என்று பையனுக்குத் தெரியும்; ஏன் வருகிறது என்று கேட்க நேரமும் இல்லை, கேட்டால் பொறுமையாகச் சொல்ல உஸ்தாதுக்குப் பழக்கமும் இல்லை.

சிறு எஞ்சினின் தேய்வும் மீள்வும்

கிராமங்களில் முதலில் வந்த சிறு எஞ்சின் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் எஞ்சின். மின்சாரம் பரவப் பரவ அது ஓய்ந்தது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கிடைத்த பிறகு அதைச் சீர்செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலை குறைந்தது. மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்பிய நெய்வேலி, தன் அக்கம்பக்கத்து ஆயில் எஞ்சின் மெக்கானிக்கின் பிழைப்பையும் அப்படித்தான் மாற்றியது. அதற்குள் 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 கிராமப் பட்டறைகளுக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பழக்கியிருந்தது. பெட்ரோலோடு ஆயிலை எந்த அளவில் கலப்பது, சைலன்சரில் படிந்த கரியை எப்படி எடுப்பது என்பதெல்லாம் அங்கே கற்ற பாடங்கள்.

அந்தப் பாடம் பின்னாளில் எதிர்பாராத விதத்தில் கைகொடுத்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. விழுந்த மரங்களை அறுக்க டூ ஸ்ட்ரோக்கில் ஓடும் செயின் சா தேவைப்பட்டது. மின்கம்பங்கள் சாய்ந்த ஊர்களில் தண்ணீர் இறைக்க ஜெனரேட்டர் தேவைப்பட்டது. 2012இன் நீண்ட மின்வெட்டில் சிறிய ஜெனரேட்டர்கள் கடைத்தெருவுக்கும் வந்தன. கூலியாள் கிடைப்பது அரிதானபோது பவர் டில்லர், களை வெட்டும் பிரஷ் கட்டர், முதுகில் சுமக்கும் தெளிப்பான் எல்லாம் வயலுக்கு வந்துசேர்ந்தன. ஐ.டி.ஐ.யின் மோட்டார் வாகனப் பிரிவு சாலை வாகனத்தையே மையமாகக் கொண்டது. இந்தச் சிறு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர்களை உருவாக்கியது பெரும்பாலும் பட்டறைதான்.

சமுதாயக் கல்லூரி

உள்ளூர் மக்களுக்கு உள்ளூர் வேலைக்கான படிப்பைத் தரும் சமுதாயக் கல்லூரி முறைக்கு முன்னோடி அமெரிக்காவில் 1901இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரி. அங்கே மோட்டார் பழுதுநீக்கம் இன்றும் இத்தகைய கல்லூரிகளின் முக்கியமான படிப்புகளில் ஒன்று. இந்தியாவில் இது வேர்விட்டது நெய்வேலிக்கு அருகிலேயே. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் இதைத் தமிழகம் முழுவதும் பரப்பினார். படிப்பை இடையில் நிறுத்தியவரையும் சேர்த்துக்கொண்டு, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பணியிடப் பயிற்சி என்று ஓராண்டில் முடித்து அனுப்புவது அதன் அமைப்பு. பணியிடப் பயிற்சி என்பது ஒரு பட்டறையாகவே இருக்கலாம். உஸ்தாதின் பட்டறையை ஒதுக்கிவிடாமல் அதையே வகுப்பறையாக்கிய இந்த ஏற்பாடுதான் இத்திட்டத்தின் பெரிய நுட்பம் என்பேன். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்ததும் சான்றிதழுக்கு மதிப்பு கூடியது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ), 2013இல் மத்திய அரசும் தனித்தனித் திட்டங்கள் கொண்டுவந்தன.

இதற்கு முன்பே, 1978-79இல் வந்த சமுதாயப் பாலிடெக்னிக் திட்டம் கிராமத்து இளைஞர்களுக்குச் சில மாதக் கட்டணமில்லாப் பயிற்சி கொடுத்திருந்தது. இப்போது கடலூர் மாவட்டத்தில் அந்த இடத்தை இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நிரப்புகிறது. இத்தகைய நிலையங்களின் இருசக்கர வாகனப் பயிற்சி 30 நாள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பட்டறை அனுபவம் உள்ளவருக்கு அந்த 30 நாள் போதும், புதியவருக்கு அது தொடக்கம் மட்டுமே.

அண்மைக் காலம்

2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், பட்டறையில் கற்ற வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 எனும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததும் பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. திருப்புளியால் ஏர் ஸ்க்ரூவைத் திருகி ட்யூன் செய்த கைகள் ஸ்கேனரைப் பிடிக்கப் பழக வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீனப்படுத்திய திட்டத்தில் மின்வாகன மெக்கானிக் பிரிவும் சேர்க்கப்பட்டது. முந்திரிக் காட்டில் மட்டும் தெளிப்பானும் செயின் சாவும் இன்னும் டூ ஸ்ட்ரோக்கில் ஓடுகின்றன. அவற்றின் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்பவர் இன்றும் பெரும்பாலும் பட்டறையிலிருந்தே வருகிறார்.